பாட்டு மட்டும் வந்த ஆட்டோ

ஓமனா நேற்று மாலை ஆறு மணிக்குச் செத்தாள். இன்று காலை பத்து மணிக்குள் அவளுடைய மகன் ரெனிஷ் மரண அறிவிப்பை நான்கு முறை மாற்றிவிட்டான். முதலில் தன் பெயருக்கு முன்னால் குவைத் என்று சேர்க்கச் சொன்னான். அரைமணி நேரம் கழித்து, குவைத்தை எடுத்துவிட்டு ரப்பர் மொத்த வியாபாரம் என்று போடச் சொன்னான். அப்புறம் மாமனாருடைய பழைய பஞ்சாயத்துப் பதவி விட்டுப்போயிற்று என்றான். நான்காவது முறை கூப்பிட்டபோது, மைத்துனனின் எம்.பி.ஏ. பட்டத்தைச் சொல்லவில்லை என்று அவன் மனைவி வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

ஒவ்வொரு தடவையும் எழுதியதை அடித்துத் திருத்தினாள் ஷிஜி. புதுக்கடை ஜங்ஷனில் மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்து, ஒரு லேப்டாப்பும் மைக்கும் வைத்து ஒன்பது வருடமாக அறிவிப்புப் பேசுகிறவள் அவள். அவள் பேசியதைப் பெண்டிரைவில் ஏற்றிக்கொண்டு சகாயத்தின் ஆட்டோ ஊர் ஊராகச் சுற்றும். நகைக்கடைத் திறப்பு, திருவிழாக் கொடியேற்றம் எல்லாம் உண்டு என்றாலும் மாதத்தில் பாதி சாவுதான். சாவு அவளுக்குப் பழகிவிட்டது. சாவு வீட்டுக்காரர்கள்தான் இன்னும் பழகவில்லை. இந்த அறிவிப்பில் செத்தவளின் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. எழுபத்து நான்கு வருஷம் வாழ்ந்த மனுஷி மூன்று வினாடியில் முடிந்துபோனாள். மீதி ஒன்றேகால் நிமிஷமும் உயிரோடிருப்பவர்களின் தற்பெருமை.

அதில் ஒரு பெயர் மட்டும் அவளை உறுத்தியது. மூன்றாவது பெயர். மகள் ரெஜிஷா, பாறைவிளை.

ரெஜிஷாவின் கதை புதுக்கடையில் தெரியாதவர் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால், தங்கையின் தோட்டத்துக்குப் போகிற வழியை மறித்து ரெனிஷ் மதில் கட்டினான். அவள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தாள். அன்றோடு போக்குவரத்து நின்றது. பெற்ற தாய் அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தும் அவளை வாசல் ஏறவிடவில்லை. ஃபோனில் பேசக்கூட விடவில்லை என்று கேள்வி.

"ரெஜிஷாக்காட்ட சொல்லியாச்சா அண்ணே?" என்று ஷிஜி ஃபோனில் கேட்டாள்.

"அதுக்குத்தானே பிள்ளே ஆட்டோ விடுகது," என்றான் ரெனிஷ். "பேரு இல்லேன்னா நாளைக்கு ஊர்க்காரன் என்னையாக்கும் குத்தம் சொல்லுவான். நீ பேரைத் தெளிவா வாசி. ஆட்டோ அவளுக்க வாசல்ல போயி நிக்கட்டு. பின்ன வந்தா வரட்டு, வரேல்லன்னா அது அவளுக்க பாடு."

அதுதான் அங்கே வழக்கம். வேண்டியவர்களுக்கு ஆள் போகும், ஃபோன் போகும். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரனுக்கு ஆட்டோ போகும். அவன் தெருவில் ஆட்டோவின் கோளாம்பி ஒலிபெருக்கி கூவிவிட்டால் சொன்னதாக அர்த்தம். வீட்டுக்காரன் சொல்லாத சாவை அடுத்தவன் முந்திக்கொண்டு போய்ச் சொல்லவும் மாட்டான்; நீ யாருடா சொல்ல என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். ஆகவே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவை நம்பியிருப்பார்கள். நேற்று மாலையிலிருந்து பதினாறு மணி நேரம். ஒரு ஃபோன் போட அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷத்தை ஒதுக்க முடியாதவனுக்கு எம்.பி.ஏ.வைச் சேர்க்க நாலு தடவை கூப்பிட நேரம் இருந்தது. த்தூ என்று துப்பலாம் போல இருந்தது ஷிஜிக்கு. துப்பாமல் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் தன் குணத்தைக் காட்டியது. பேசிவிட்டுக் கேட்டால் குரலோடு சேர்ந்து ஃபேன் இரைச்சல் மாதிரி ஒன்று ஓடியது. அறையில் ஃபேன் ஓடவில்லை. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, வியர்வையில் நனைந்துதான் உட்கார்ந்திருந்தாள். இரைந்தது லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருக்கும் ஃபேன். செட்டிங்கைத் திறந்து பார்த்தாள். ராத்திரி எவனும் கேட்காமல் அப்டேட் ஆகி, வெளி மைக்கை விட்டுவிட்டு லேப்டாப்பின் சொந்த மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றினாள். இரைச்சல் போய் ஹும்ம்ம் என்று ஒரு முனகல் வந்தது. சார்ஜரைப் பிடுங்கினாள். முனகல் நின்று, கரகரவென்று ஆரம்பித்தது. மைக் ஒயரை அசைத்தால் கரகரப்பு கூடியது, குறைந்தது. ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது.

"சவத்தப் போட்டு," என்று அதை மூலையில் எறிந்தாள்.

போன வாரம் வடசேரியில் வாங்கிப் போட்ட புது ஒயர் ஒன்று கவர் பிரிக்காமல் கிடந்தது. பழையதைவிட உசத்தி என்று கடைக்காரன் தலையில் கட்டியது. பழைய ஒயரின் முனையில் ஒரு கறுப்பு வளையம்தான் இருந்தது, இதில் இரண்டு. அதை அவள் பார்த்தாள், ஆனால் யோசிக்கவில்லை. மாட்டிப் பேசினாள். கரகரப்பு இல்லை, முனகல் இல்லை. ஹெட்ஃபோனில் கேட்டபோது குரல் ஒரு மாதிரியாக, நெற்றிக்கு நேரே வராமல் இரண்டு காதோரமும் பிரிந்து நின்றது. இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாமா என்று நினைப்பதற்குள் ரெனிஷ் மறுபடி கூப்பிட்டான். இனி அவனுடைய கொழுந்தியாளின் பட்டத்தையும் சேர்க்க அவளால் ஆகாது. ஃபோனை எடுக்காமல், பின்னணியில் துக்கப் பாட்டைக் கோத்து, பெண்டிரைவில் ஏற்றிக் கீழே இறங்கிவிட்டாள்.

சகாயம் கறுப்புக் கொடி கட்டிய ஆட்டோவில் தயாராக இருந்தார். முன்னால் ஒரு கோளாம்பி, பின்னால் ஒரு கோளாம்பி, நடுவே இருபத்திரண்டு வருஷமாக அவர். இரண்டு காதிலும் பஞ்சு திணித்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். அவருக்கு வேண்டியது பெண்டிரைவில் விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. மூன்று மணிக்கு அடக்கம். பதினொன்றுக்கு ஆட்டோ கிளம்பிற்று.

பன்னிரண்டரைக்கு சகாயத்தின் ஃபோன் வந்தது.

"மக்கா, பாட்டு வருகு. உனக்க சத்தம் வரேல்ல."

"எப்பம் இருந்து?"

"ஆருக்குத் தெரியும்? இஞ்ச டீக்கடைக்காரன் சொல்லித்தான் பஞ்சை எடுத்துக் கேட்டேன். செத்தது ஆருன்னு சொல்லாம பாட்டு மட்டும் போட்டுட்டுச் சுத்துகீரே, ஆளு பிடிக்கவா வந்தீருன்னு கேக்கான்."

ஷிஜி நம்பவில்லை. லேப்டாப்பில் ஓடவிட்டாள், குரல் இருந்தது. ஹெட்ஃபோனில் இருந்தது. சகாயத்தின் மைக்செட் பெட்டியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி அவரை வரச் சொன்னாள். அவர் வந்தார். போன மாதத்து அறிவிப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். கோளாம்பியில் அவள் குரல் ஜங்ஷனையே தூக்கியது. ஓமனாவின் அறிவிப்பைப் போட்டார்கள். பாட்டு அழுதுகொண்டே இருந்தது. ஷிஜி வாய் திறக்கவே இல்லை. கடைசியில் தன் பழைய ஃபோனில் ஏற்றிப் பார்த்தாள். அதற்கு ஒரே ஒரு ஸ்பீக்கர். அதிலும் வெறும் பாட்டு.

ஒரே ஸ்பீக்கர் என்றதும்தான் அவளுக்குப் பொறி தட்டிற்று. மேலே ஓடி, பதிவான குரலின் கோடுகளைத் திரையில் பெரிதாக்கினாள். இடது காதுக்கு ஒரு கோடு, வலது காதுக்கு ஒரு கோடு. மேலே உள்ளது ஏறும் இடத்தில் கீழே உள்ளது இறங்கியது. அது இறங்கும் இடத்தில் இது ஏறியது. இரண்டு வளையம் வைத்த அந்த உசத்தி ஒயர் அவள் குரலை இரண்டாக்கி, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் அனுப்பியிருக்கிறது. தனித்தனிக் காதில் இரண்டும் கேட்கும். கோளாம்பியில் இரண்டையும் ஒன்றாகக் கலந்ததும் ஒன்றை ஒன்று அடித்துத் தின்றுவிடும். பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, அது பாட்டுக்கு ஓடும்.

சரிசெய்ய நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு கோட்டை அழித்துவிட்டு மற்றதையே இரண்டு பக்கமும் போட்டாள். ஃபோனில் குரல் வந்தது. ஒன்பது வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவள், ஒரு தடவை ஃபோனில் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பெண்டிரைவைக் கொடுக்கும்போது கேட்டாள். "முதல்ல எங்க போனிய சகாயண்ணே?"

"பாறைவிளைக்காக்கும். ரெனிஷ் அங்கதான் முதல்ல போகச் சொன்னான். அவளுக்க வாசல்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டு, ஒரு போட்டோ எடுத்து அனுப்பவும் சொன்னான்."

"போட்டோ எதுக்கு?"

சகாயம் பஞ்சை விரலில் உருட்டிக்கொண்டு நின்றார். "வண்டி போச்சான்னு பாக்கதுக்குன்னு நினைச்சேன் மக்கா. குடும்பக் குரூப்புல அவன் போட்டிருக்கானாம். சொல்லியாச்சுன்னு காட்டதுக்குன்னு இப்பமாக்கும் புரியுகு."

ஷிஜி ரெனிஷைக் கூப்பிட்டாள். குரல் பதிவாகவில்லை, தப்பு தன்னுடையது, பாறைவிளைக்கு ஆட்டோ மறுபடி போக வேண்டும் என்று விவரமாகச் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருந்திருக்கும்.

"ஆட்டோ போச்சா?" என்று கேட்டான்.

"போச்சு. ஆனா சத்தம் இல்ல."

"போச்சுல்லா. அது போதும். ஆட்டோ நிக்கதுக்குப் போட்டோ இருக்கு. இனி அங்கோட்டுப் போண்டாம், மத்த இடத்துக்குப் போகச் சொல்லு. எனக்க மைத்துனனுக்க படிப்பு கேக்குகா இப்பம்?"

ஷிஜி ஃபோனைப் பைக்குள் எறிந்தாள். அவனோடு பேசிய ஃபோனைக் கையில் வைத்திருக்கவே கூசியது. குரல் வராமல் போனதில் அவனுக்கு வருத்தம் இல்லை என்பது மட்டுமில்லை, சந்தோஷம். சொன்ன பெயரும் கிடைத்தது, சொல்லாத சௌகரியமும் கிடைத்தது. அந்த அழுக்கான காரியத்துக்கு ஒயரோடும் லேப்டாப்போடும் சேர்ந்து அவளும் உதவியிருக்கிறாள்.

சகாயத்தை மற்ற ஊர்களுக்கு அனுப்பிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். கோளாம்பி வேண்டாம். தாய் செத்ததை அண்ணன் மனைவி வீட்டாரின் பட்டங்களோடு சேர்த்துக் கேட்கிற கொடுமை அந்த மனுஷிக்கு வேண்டாம். மணி ஒன்று இருபது.

பாறைவிளையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ரெஜிஷாவின் வீடு தனியாக இருந்தது. புருஷன் மஸ்கட்டில், மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அடுக்களைப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ரெஜிஷா ஸ்கூட்டர் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன்கறி மணம் முற்றம் வரை அடித்தது.

"அறிவிப்புப் பேசுக பிள்ளையில்லா நீ? வா. என்ன காரியம்?"

ஷிஜி வாயைத் திறந்தாள். இறைவனில் இளைப்பாறினார் என்பதுதான் நாக்கில் வந்து நின்றது. எத்தனை நூறு தடவை சொல்லிச் சொல்லிச் சப்பென்று போன வார்த்தை. அதை விழுங்கினாள்.

"அக்கா, உங்க அம்மை போயிட்டாவ. நேத்து சாயங்காலம். மூணு மணிக்கு அடக்கம்."

ரெஜிஷா அழவில்லை. கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அந்த ஆட்டோ?"

"அம்மைக்குத்தான். எனக்க சத்தம் அதுல பதியாமப் போச்சு அக்கா. தப்பு எனக்கதாக்கும்."

"வாசல்ல வந்து நின்னுது பிள்ளே. பாட்டு மட்டும் கேட்டுது. ஆருக்காக்கும்னு கேட்டேன். அவருக்குக் காது கேக்கல்ல போல, மேல கோளாம்பியைக் காட்டினாரு. ஆரோ பாவம்னு நெத்தியில சிலுவை போட்டேன்." தட்டை மெல்லத் தரையில் வைத்தாள். "போட்டுட்டு உள்ள வந்து சாளை மீன் வாங்கி வச்சிருந்ததைக் கறி வச்சேன். இப்பமாக்கும் சோறு உண்டேன். ரெண்டு தடவை வாங்கி உண்டேன்."

சாவு வீட்டில் அடக்கம் முடியாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பெற்ற மகள் பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிப்பாள். ரெஜிஷா எழுந்து வாழை மரத்தடிக்குப் போய் விரலைத் தொண்டைக்குள் விட்டாள். வந்த மட்டும் வாந்தி எடுத்தாள். ஷிஜி முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த வாந்தியைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வரவில்லை. வந்த அருவருப்பெல்லாம் புதுக்கடைப் பக்கம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவன் மேல்தான்.

"ஆரு சொல்லி விட்டா? அண்ணனா?" வாயைத் துடைத்துக்கொண்டு ரெஜிஷா கேட்டாள். கேட்டதில் ஒரு சின்ன ஆசை இருந்தது.

பொய் சொல்லிவிடலாமா என்று ஷிஜிக்குத் தோன்றியது. அந்தப் பொய்யால் ரெனிஷுக்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைத்ததும் வாய் வரவில்லை. "ஆரும் சொல்லி விடேல்ல. நானாட்டு வந்தேன். ஏறுங்க அக்கா, நேரம் இல்ல."

அவர்கள் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து ஓமனாவைச் சவப்பெட்டியில் வைத்தாகிவிட்டது. மூடி பந்தல் தூணில் சாய்ந்து நின்றது. பங்குச் சாமியார் ஜெபம் முடித்துப் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார். ரெஜிஷாவைக் கண்டதும் கூட்டத்தில் பேச்சு அடங்கியது. ரெனிஷ் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் ஃபோனோடு முன்னால் வந்தான். தங்கையோடு அவன் பேசவில்லை, ஊரோடு பேசினான்.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. பதினொண்ணே காலுக்கு ஆட்டோ இவளுக்க வாசல்ல. இன்னா நிக்கா, பாருங்க. நெத்தியில சிலுவை போடுகா. கேட்டுட்டுத்தான் போடுகா. பெத்த தள்ளை செத்தது தெரிஞ்சிட்டு, ஆடி அசைஞ்சு மூடி போடுக நேரத்துக்காக்கும் வாறா."

ஃபோன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் படத்தைப் பெரிதாக்கி அந்த நெற்றியையும் கையையும் பார்த்தார்கள். ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். ஷிஜிக்கு உடம்பெல்லாம் புழு ஊர்கிற மாதிரி இருந்தது. ஒன்பது வருஷமாக எழுதிக் கொடுத்ததை வாசித்தவள், அன்றைக்கு எவரும் எழுதிக் கொடுக்காததைப் பேசினாள்.

"அந்த ஆட்டோவுல குரல் வரேல்ல. வெறும் பாட்டாக்கும் வந்துது. நான் பதிஞ்சது தப்பா போச்சு. ஒண்ணே காலுக்கே ரெனிஷ் அண்ணன்ட்ட ஃபோன்ல சொன்னேன், மறுபடி ஆட்டோ விடணும்னு. போண்டாம், போட்டோ இருக்கு, அது போதும்னாரு."

ரெனிஷின் முகம் கறுத்தது. உடனே தெளிந்தும்விட்டது. "கேட்டியளா? அவளே சொல்லுகா. தப்பு இவளுக்கதாக்கும், எனக்க மேல என்ன இருக்கு?"

"ஆமா அண்ணே, தப்பு எனக்கதுதான். ஆனா நேத்தே நீங்க ஒரு ஃபோன் போட்டிருந்தா எனக்க சத்தமே வேண்டாமே."

ரெனிஷ் மூடி போடுகிற இருவரைப் பார்த்து, நேரமாச்சு என்று கை காட்டினான்.

ரெஜிஷா இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் முற்றத்துப் பைப்படியில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி போட்டாள். மண்ணை அள்ளித் தேய்த்தாள். மறுபடி முகர்ந்து பார்த்தாள். பந்தல் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பைப்பை மூடிவிட்டுப் பெட்டிக்கு வந்தவள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்படியே குனிந்து, அம்மையின் கன்னத்தில் தன் கன்னத்தை மட்டும் வைத்தாள்.

"கை வச்சுத் தொட மாட்டேன் அம்மை," என்றாள். "மீன் மணக்கு."

மூடியைத் தூக்கியவர்கள் அதை மறுபடி தூணில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ரெனிஷ் இரண்டாம் தடவை கை காட்டினான். அவர்கள் அவன் பக்கம் திரும்பவில்லை.